பச்சைத் தேநீரும் உங்கள் இருதயமும்

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்க



திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறான். அம்மாவுக்கும் மனைவிக்கும் புடவை, அப்பாவுக்கு வேட்டி. கூடவே பச்சை இலைப் படம் போட்ட ஒரு டப்பா.

"என்னடா இது?"

"கிரீன் டீப்பா. தினம் குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லது. எங்க சூப்பர்வைசர் இதைத்தான் குடிக்கிறார். பி.பி. எல்லாம் கிட்டயே வராதாம்."

அப்பா ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். "கசக்குதேடா, வேப்பங்கொழுந்து மாதிரி!"

"கசந்தாத்தாம்பா மருந்து."

கசப்பதெல்லாம் மருந்து என்று நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலே அப்பா விடாமல் குடிக்க ஆரம்பித்தார். அவருக்கு வயது 52. மூன்று வருஷமாக இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர். முதல் வாரம் மாத்திரையும் போட்டார், தேநீரும் குடித்தார். இரண்டாம் வாரம் அவருக்கு ஒரு யோசனை: இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கிறது, எதற்கு இரண்டு? மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகளுக்கும் மாமனார் ஒரு டம்ளர் கொடுக்கச் சொன்னார். "நல்லதுதானே, நீயும் குடிம்மா." அந்தப் பெண்ணும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை அந்தத் தேநீரை ஊற்றியே விழுங்கி வந்தாள்.

ஒரு மாதம் கழித்து வீடு தேடி வந்த சுகாதாரத் தன்னார்வலர் பெரியவரின் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தால் 176/104.

"அண்ணே, மாத்திரை போடறீங்களா இல்லையா?"

"அதான் கிரீன் டீ குடிக்கிறேனேம்மா. உடம்பும் நல்லாத்தானே இருக்கு, ஒண்ணும் செய்யலையே."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல்: "நான் சொன்னா கேக்கறாரா? மாத்திரைப் பட்டை அப்படியே முழுசா அலமாரியில கிடக்குது."

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடந்த கதை அல்ல. பல வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதைச் சேர்த்து எழுதியது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மகன் பாசத்தோடு வாங்கி வந்தான். அப்பா உடம்பைக் காப்பாற்றத்தான் குடித்தார். ஆனாலும் அந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் ஆபத்தில் இருக்கிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

இது என்ன இலை?

கிரீன் டீ என்பது ஏதோ புது மூலிகை அல்ல. டீக்கடையில் நாம் குடிக்கிறோமே, அதே தேயிலைச் செடியின் இலைதான். குன்னூர், கோத்தகிரி பக்கம் போனவர்கள் அந்தச் செடியைப் பார்த்திருப்பீர்கள். பறித்த கொழுந்தை வாட விட்டு, நசுக்கி, காற்றுப்படும்படி வைத்தால் அது கறுத்து, வாசனை ஏறி, நம் வீட்டுத் தேயிலைத்தூளாக மாறுகிறது. அப்படிக் கறுக்க விடாமல், பறித்த சூட்டோடு ஆவியில் காட்டியோ வாணலியில் வறுத்தோ உலர்த்திவிட்டால் பச்சை நிறம் மாறாமல் நிற்கிறது. ஜப்பான்காரர்கள் ஆவியில் காட்டுவார்கள். சீனாவில் பெரும்பாலும் வறுப்பார்கள். இவ்வளவுதான் வித்தியாசம். நீலகிரியிலும் இப்படிப்பட்ட தேயிலை தயாராகிறது. (நீலகிரி விவசாயிகள் 'பசுந்தேயிலை' என்று சொல்வது பறித்த பச்சைக் கொழுந்தை. அது வேறு, இது வேறு.)

கறுக்க விடாததால் இலையில் உள்ள துவர்ப்புச் சத்து அதிகம் அழியாமல் இருக்கிறது. அதற்குக் 'கேட்டசின்' என்று பெயர். இருதயத்துக்கு நல்லது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சத்தை வைத்துத்தான். இரத்தக் குழாயின் உட்புறம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. குழாய் இளகி விரிய அந்தச் சவ்வு நன்றாக இருக்க வேண்டும். அதற்குக் கேட்டசின் உதவி செய்வதாகத் தெரிகிறது. குடலில் கொழுப்பு சேருவதையும் சிறிது தடுக்கிறது.

ஜப்பானில் பார்த்த கணக்கு

வடகிழக்கு ஜப்பானில் மியாகி என்று ஒரு மாகாணம். அங்கே ஓசாகி வட்டாரத்தில் 1994-ல் ஒரு பெரிய கணக்கெடுப்பு தொடங்கியது. 40 முதல் 79 வயது வரையுள்ளவர்களிடம், நீங்கள் தினமும் எத்தனை கோப்பை பச்சைத் தேநீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். ஏற்கெனவே பக்கவாதம், இருதய நோய், புற்றுநோய் வந்தவர்களைத் தள்ளிவிட்டு, மீதி 40,530 பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2006-ல் வெளியானது.

தினம் 5 கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களில், இருதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறந்தவர்கள் குறைவு. ஒரு கோப்பைகூடக் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் பெண்களில் 31 சதவீதம் குறைவு, ஆண்களில் 22 சதவீதம் குறைவு. அதிலும் பக்கவாதச் சாவுதான் நன்றாகக் குறைந்திருந்தது. புற்றுநோய்ச் சாவில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பச்சைத் தேநீர் புற்றுநோயைத் தடுக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே மகன் சொன்னது முழுப்பொய் அல்ல. அதில் விஷயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கைப் படிக்கும்போது சில சங்கதிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்த வட்டாரத்துக் கோப்பை நம் டம்ளர் அல்ல. ஏறக்குறைய 100 மில்லி பிடிக்கும் சின்னக் கோப்பை. ஐந்து கோப்பை என்றால் மொத்தமே அரை லிட்டர். அவர்கள் அதில் பாலும் விடுவதில்லை, சர்க்கரையும் போடுவதில்லை. மீனும் காய்கறியும் நிறையச் சாப்பிடுகிற மக்கள். மேலும் இது பார்த்து எழுதிய கணக்கு. தேநீர் குடித்ததால்தான் சாவு குறைந்ததா, அல்லது தேநீர் குடிக்கிறவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பவர்களா என்பதை இந்த மாதிரிக் கணக்கு மட்டும் வைத்து முழுக்கப் பிரித்துச் சொல்ல முடியாது. ஓசாகி ஆராய்ச்சியாளர்கள் புகை, மது, எடை, சாப்பாடு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்துத்தான் சொன்னார்கள். இருந்தாலும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

டப்பாவில் எழுதாத சங்கதி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கணவன்மார்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

ஜப்பான் மக்கள் பச்சைத் தேநீர் குடிப்பது நேற்று இன்று வந்த பழக்கம் அல்ல, நூற்றாண்டுக் கணக்காகக் குடிக்கிறார்கள். அப்படியானால் அவர்களுக்குப் பக்கவாதமே வந்திருக்கக் கூடாது அல்லவா? நடந்தது என்ன தெரியுமா? 1951 முதல் 1980 வரை, முப்பது வருஷம், ஜப்பானில் மக்கள் சாவுக்கு முதல் காரணமாக இருந்ததே பக்கவாதம்தான்! அதிலும் வடகிழக்கு மாகாணங்களில் மிக அதிகம். குளிர் தேசம், அறுவடைக் காய்கறியை உப்பில் ஊறவைத்துக் குளிர்காலம் முழுவதும் சாப்பிடுவார்கள். சோயாவை நொதிக்க வைத்து உப்புச் சேர்த்துச் செய்யும் குழம்பு தினமும் உண்டு. தேநீரும் தினமும் உண்டு. தேநீர் இருந்தும் அந்த உப்பும் இரத்தக் கொதிப்பும் அவர்களைப் படுக்கையில் தள்ளின.

பிறகு அது எப்படிக் குறைந்தது? அகிதா என்ற மாகாணத்தில், நம்மைப் போலவே நெல் விளைவிக்கிற ஒரு கிராமத்தில் 1963-ல் ஒரு வேலை தொடங்கினார்கள். ஊரில் எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தார்கள். அதிகம் இருந்தவர்களை டாக்டரிடம் அனுப்பி மாத்திரை சாப்பிட வைத்தார்கள். செவிலியர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லி வகுப்பு நடத்தினார்கள். பக்கத்தில் இன்னொரு கிராமத்தில் இவ்வளவு தீவிரமாகச் செய்யவில்லை. கால் நூற்றாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், தீவிரமாக வேலை நடந்த ஊரில் ஆண்களுக்குப் பக்கவாதம் வருவது மற்ற ஊரைவிட மிக அதிகமாகக் குறைந்திருந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே வட்டாரத்து மக்கள். தேநீர்ப் பழக்கத்தில் அவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. வித்தியாசம் மாத்திரையிலும் உப்பிலும் ஊசி நகரும் அந்த பி.பி. பெட்டியிலும் இருந்தது.

நாங்களும் இன்று வீடு வீடாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். 2021 ஆகஸ்டில் நம் மாநிலத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, காசு கிடையாது. வாசலில் நிற்கிற மாத்திரையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடையில் டப்பாவைக் காசு கொடுத்து வாங்குவதைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் மனவருத்தமாகத்தான் இருக்கிறது.

மாத்திரைக்குப் பதில் தேநீர் ஆகுமா?

ஆகாது. எண்ணை வைத்தே பார்ப்போம்.

இரத்த அழுத்தம் பார்க்கும்போது இரண்டு எண் சொல்வார்கள். மேல் எண் 140-க்கும் கீழ் எண் 90-க்கும் உள்ளே இருக்க வேண்டும். பச்சைத் தேநீரைத் தினமும் தவறாமல் குடித்தவர்களைச் சோதித்துப் பார்த்த பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தால், மேல் எண் குறைந்தது சராசரியாக 2 அளவுதான். சாதாரண அளவில் ஒரே ஒரு இரத்தக் கொதிப்பு மாத்திரை 9 வரை குறைக்கும். நம் கதையில் வரும் பெரியவருக்கு 176. தேநீர் மட்டும் குடித்தால் 174 ஆகலாம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கெட்ட கொழுப்பும் இப்படித்தான், குறைகிறது, ஆனால் கொஞ்சம். மாரடைப்பு வந்து டாக்டர் கொழுப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தவர்கள் அதை நிறுத்திவிட்டுத் தேநீரை நம்பினால் அது தெரிந்தே கிணற்றில் இறங்குவது போல.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்று பெரியவர் சொன்னார் அல்லவா? இரத்தக் கொதிப்பின் கொடுமையே அதுதான். காய்ச்சல் என்றால் உடம்பு சுடும், காயம் என்றால் வலிக்கும். இரத்தக் கொதிப்பு சத்தம் போடாமல் உள்ளே குழாயைத் தேய்க்கும். வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒருநாள் காலையில் எழுந்திருக்கும்போது வாய் கோணி ஒரு கை ஒரு கால் விழுந்திருக்கும். அந்தக் குடும்பத்தில் உழைக்கிறவர் படுத்துவிட்டால், பார்த்துக்கொள்கிற மனைவியும் கூலி வேலைக்குப் போக முடியாது. இரண்டு வருமானமும் ஒரே நாளில் நிற்கும்.

ஆகவே மாத்திரையை நிறுத்துவதோ குறைப்பதோ டாக்டர் சொல்லித்தான். மாத்திரை சாப்பிட்டால் தலை சுற்றுகிறது, கால் வீங்குகிறது என்றால் அதைச் சொல்லுங்கள், வேறு மாத்திரை இருக்கிறது. மனைவிமார்களும் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்பதோடு விடாமல் பட்டையை எண்ணிப் பார்ப்பது நல்லது. கோபப்பட்டால் படட்டும்.

இரத்தக் கொதிப்புக்காரர் தேநீரே குடிக்கக் கூடாதா என்றால், அப்படியும் இல்லை. மாத்திரையையும் போட்டுக்கொண்டு குடிக்கலாம். 2022 டிசம்பரில் ஜப்பானிலிருந்து இன்னொரு ஆராய்ச்சி வந்தது. 160/100-க்கு மேல் கடுமையான இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் தினம் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ காபி குடித்தால், காபியே குடிக்காதவர்களைவிட இருதய நோய், பக்கவாதச் சாவு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. பச்சைத் தேநீர் குடித்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. காபிப் பிரியர்கள் இதைக் கவனிக்கவும்.

தாய்மார்களுக்கு

இனி மருமகள் கதை. பெரியவர் கதையைவிட இதை நாங்கள் முக்கியமாக நினைக்கிறோம், ஏனென்றால் இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

தேயிலையில் இருக்கிற அதே துவர்ப்புச் சத்து, கீரை, கேழ்வரகு, பயறு இவற்றிலுள்ள இரும்புச்சத்தைப் பிடித்துக்கொண்டு, குடலில் சேரவிடாமல் செய்கிறது. மாத்திரையில் உள்ள இரும்புக்கும் அதே கதிதான். பால் டீக்கும் இந்தக் குணம் உண்டு. பச்சைத் தேநீருக்கும் உண்டு. ஃபோலிக் அமிலம் என்ற சத்து சேர்வதையும் இது குறைக்கக் கூடும். கருவில் உள்ள பிள்ளைக்கு அவசியமான சத்து அது.

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்த சோகை இருப்பது தெரிந்தது. இரத்த சோகைக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரத்தம் வெளுத்துப் போனால் அதில் காற்றைச் சுமக்கிற சக்தி குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட இருதயம் வேகமாக அடித்து அதிகம் வேலை செய்ய வேண்டும். குடத்தில் ஓட்டை இருந்தால் இரண்டு நடை போக வேண்டிய இடத்தில் நான்கு நடை போக வேண்டியிருக்கும் அல்லவா, அதுபோல. படபடப்பு, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்குதல், கால் வீக்கம் எல்லாம் அதனால்தான். கர்ப்ப காலத்தில் இருதயத்துக்கு ஏற்கெனவே வேலை கூடுதல். இரத்த சோகை கடுமையாக இருந்தால் பிரசவ நேரத்தில் இருதயம் தாங்காமல் தாய் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அப்படியிருக்க, இருதயத்துக்கு நல்லது என்று குடித்த தேநீரே அந்தப் பெண்ணின் மாத்திரையை வீணாக்கிக்கொண்டிருந்தது. மாதம் 30 மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் இரத்தம் ஏறவில்லை என்று நர்ஸம்மா குழம்பியதும் இதனால்தான்.

என்ன செய்வது? இரும்புச்சத்து மாத்திரையைத் தண்ணீரில் விழுங்குங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீர் என்றால் இன்னும் நல்லது, அதோடு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கிடைத்தால் மிக விசேஷம். அவற்றிலுள்ள புளிப்புச் சத்து இரும்பை உடம்பில் சேர்க்கும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்பும் இரண்டு மணி நேரம் பின்பும் டீ, காபி, பச்சைத் தேநீர் எதுவும் வேண்டாம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் கணவனுக்கு இருந்தால் மனைவியையும் அதில் சேர்க்காதீர்கள். இடையில், மாலை நாலு மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால் தப்பில்லை.

கர்ப்பிணிகள் அதிகம் குடிக்கவும் கூடாது. தேயிலையில் காபின் என்ற சத்து இருக்கிறது. ஒரு கோப்பை பச்சைத் தேநீரில் ஏறக்குறைய 30 மில்லிகிராம், காபியில் அதைவிட மிக அதிகம். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்டினால் குறைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டுக் கொண்டிருப்பதைவிட இரண்டு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது சுலபம்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிற தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மாலா-என் போன்ற மாத்திரை சாப்பிடும்போது காபின் உடம்பை விட்டு வெளியேற இரட்டிப்பு நேரம் ஆகும். மாலையில் குடித்த தேநீர் இரவு முழுவதும் தூங்கவிடாமல் படபடப்பு உண்டாக்கினால் மாத்திரையைக் குறை சொல்லி நிறுத்திவிடாதீர்கள், தேநீரைக் காலைக்கு மாற்றுங்கள். ஆனால் இரத்தக் கொதிப்பு இருக்கிற பெண்களுக்கு இந்த மாத்திரை ஏற்றதல்ல. அவர்களுக்குக் காப்பர்-டி முதலிய வேறு முறைகள் உண்டு. நர்ஸம்மாவிடம் பேசுங்கள். கணவர் குடும்பநல அறுவை சிகிச்சை செய்துகொண்டால் இந்தக் கவலையே இல்லை, அதையும் இருவரும் யோசிக்கலாம்.

வேறு யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

இருதய வால்வு கெட்டுப்போய் அறுவை செய்துகொண்டவர்கள் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். தேயிலையில் இருக்கிற வைட்டமின் 'கே' அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். ஒன்றிரண்டு கோப்பை பரவாயில்லை. லிட்டர் கணக்கில் குடிப்பதும், இலையையே பொடியாக்கிக் கலக்கிக் குடிப்பதும் கூடாது. குடிக்கிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உடம்பு இளைக்க என்று பச்சைத் தேயிலைச் சாற்றைக் கெட்டியாக்கி மாத்திரையாக விற்கிறார்கள். அதை வாங்க வேண்டாம். கோப்பையில் குடிக்கும்போது சாதுவாக இருக்கிற சத்து, கெட்டியான மாத்திரையாக உள்ளே போனால் சிலருக்கு ஈரலைக் கெடுத்து மஞ்சள் காமாலை கொண்டுவந்திருக்கிறது.

எப்படிப் போடுவது?

நம் வழக்கப்படி தூளைப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினால் வாயில் வைக்க முடியாத கசப்பு வரும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு மூன்று நிமிஷம் ஆறவிடுங்கள். ஒரு சின்னக் கரண்டி இலையைப் போட்டு மூடுங்கள். மூன்று நிமிஷத்தில் வடிகட்டிவிடலாம். அந்த இலையை இன்னொரு தடவையும் உபயோகிக்கலாம், ஜப்பான்காரர்களே அப்படிச் செய்கிறார்கள். சுடச்சுட வாயில் ஊற்றிக்கொள்ள வேண்டாம். மிகச் சூடாகக் குடிக்கிற பழக்கம் உணவுக்குழாய்க்கு நல்லதல்ல.

சர்க்கரை போடாதீர்கள். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாம் இந்த விஷயத்தில் ஒரே ஜாதி. ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி என்றால் 10 கிராம். தினம் ஐந்து டம்ளருக்கு 50 கிராம், மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ! புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் மூன்று கிலோ. இருதயத்துக்கு நல்லது என்று குடிக்கப்போய் சர்க்கரை நோயை வாங்கி வந்தால், அதைவிட இருதயத்துக்குக் கெடுதல் வேறில்லை.

கிரீன் டீ விலை அதிகம், வாங்க வசதியில்லை என்கிறீர்களா? கவலையே வேண்டாம். 2022-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை வைத்துப் பார்த்த கணக்கில், சாதாரணக் கறுப்புத் தேயிலை தினம் இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கும் சாவு சற்றுக் குறைவாகவே இருந்தது, அவர்களில் பெரும்பாலோர் பால் விட்டுக் குடிப்பவர்கள். பால் விட்டால் தேயிலையின் பலன் குறைகிறது என்று ஜெர்மனியில் 2007-ல் ஒரு சோதனை சொன்னது. ஆனால் அது 16 பெண்களை வைத்து மட்டும் செய்தது. ஆகவே நம் வீட்டுத் தேயிலையிலேயே பால் இல்லாத வரட்டீ, சர்க்கரை இல்லாமல், போட்டுக் குடித்தால் போதும். டப்பாவுக்குச் செலவழிக்கிற பணத்தில் ஒரு வாரத்துக்குக் கீரையும் நிலக்கடலையும் வாங்கலாம்.

அதே பணத்தைப் பற்றிப் பேசும்போது பீடியையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு கையில் கிரீன் டீ, மறு கையில் பீடி என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிறோம். பீடி, சிகரெட், புகையிலை குழாயைச் சுருக்குகிற அளவுக்கு எந்தத் தேநீரும் அதை விரிக்காது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் இவற்றின் உப்பும் அப்படித்தான். ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், அதற்கு மேல் கூடாது. அகிதா கிராமத்தில் உப்பைக் குறைக்கச் சொன்னதை நம் வீட்டிலும் செய்யலாம்.

நெஞ்சு வலித்தால்

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவது போல வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல் - இவை வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிக்கொண்டு சுக்குக் கஷாயமோ தேநீரோ போட்டுக் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். பெண்களுக்கு வலியில்லாமல் வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும்கூட வரலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். 2023 முதல் 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்பட்டு, பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறது. வாய் கோணுதல், ஒரு பக்கம் கை கால் மரத்தல், பேச்சுக் குழறுதல் இருந்தாலும் 108 தான். அந்த நேரத்தில் வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், புரை ஏறிவிடும்.

பி.பி. பார்க்க வரும்போது

30 வயது தாண்டிய கணவன் மனைவி இருவரும் துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். பழைய சீட்டையும் வீட்டில் மீந்திருக்கும் மாத்திரைப் பட்டையையும் எடுத்து வாருங்கள். மீந்தது இருந்தால் திட்ட மாட்டோம், காரணம் மட்டும் கேட்போம். வருவதற்கு அரை மணி நேரம் முன்பு பீடி, காபி, டீ எதுவும் வேண்டாம். அவை எண்ணை ஏற்றிக் காட்டிவிடும். கிரீன் டீயும் அதில் சேர்த்திதான். வந்ததும் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள், பிறகு பார்க்கலாம்.